கொல்லைப்புறத்தில் ஒரு சுனை

கொல்லையில் தண்ணீர் விழும் ஒரு பாறை வைக்க நினைத்து, முதலில் நிஜக் கல்லைத்தான் விசாரிக்கப் போனேன். ஒத்தக்கடையைத் தாண்டி, கல் வெட்டிக் குவித்திருக்கும் ஒரு பட்டறை. நாலரை அடி உயரம், ஐந்தடி அகலம், மூன்றடி கனம் என்று கையை விரித்துக் காட்டினேன். அங்கிருந்தவர் மனக்கணக்காகவே சொன்னார்: "ரெண்டரை டன்னு வரும் சார். கிரேன் வந்தாத்தான் இறக்க முடியும்." எங்கள் வீட்டுப் பக்கவாட்டுச் சந்து மூன்றடி அகலம். அதன் வழியாகத்தான் கொல்லைக்குப் போக வேண்டும். கிரேன் பேச்சு அங்கேயே முடிந்தது.

இன்னொன்றும் உறுத்தியது. மதுரையைச் சுற்றி மலைகளைக் குடைந்து எடுத்த குழிகளைப் பார்த்தே வளர்ந்தவன் நான். வீட்டு அழகுக்காக இன்னொரு பாறையைப் பெயர்த்துக் கொண்டுவர மனசு வரவில்லை. கம்பியையும் சிமெண்டையும் வைத்து நானே ஒரு பாறை செய்வது என்று அன்று மாலையே முடிவு செய்தேன்.

இது அம்மாவுக்காகத் தொடங்கிய வேலை. அழகர்மலை மேலுள்ள நூபுர கங்கைத் தீர்த்தத்துக்கு ஆடியிலும் புரட்டாசியிலும் தவறாமல் போவார். முழங்கால் தேய்ந்த பிறகு மலையேற முடியவில்லை. "அந்தத் தண்ணிச் சத்தத்தக் கேட்டாப் போதும்டா" என்று ஒருநாள் சொன்னது காதிலேயே நின்றுவிட்டது. அதனால் என் கணக்கில் முதலில் வந்தது பாறையின் அழகு அல்ல, தண்ணீர் விழும் சத்தம். பின்வாசல் திண்ணையில் அம்மா உட்காரும் இடத்திலிருந்து பத்தடி தூரத்தில், வேப்பமர நிழல் மாலையில் விழும் மூலையைத் தேர்ந்தெடுத்தேன். வேம்புக்கு நேர் கீழே வைக்கவில்லை. பூவும் சருகும் உதிர்கிற பங்குனி, சித்திரையில் தொட்டி நிறையக் குப்பைதான் மிஞ்சும்.

தை மாதம் வேலையைத் தொடங்கினேன். சித்திரை வெயிலில் பூச்சு வேலை செய்தால் சாந்து கையில் இருக்கும்போதே இறுகிவிடும், முடி முடியாக வெடிப்பும் விடும். தையும் மாசியும்தான் இதற்கு நல்ல மாதங்கள்.

எங்கள் மண் களி கலந்தது. கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும். அதன் மேல் நேராகத் தளம் போட்டால் தளமும் சேர்ந்து வெடிக்கும். ஒன்பதுக்கு ஏழடி அளவில் ஓரடி தோண்டி, கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டுத் திமுசுக் கட்டையால் இடித்தோம். அதன் மேல் நாலு இஞ்ச் காங்கிரீட். எட்டு மில்லி கம்பி, ஆறு இஞ்சுக்கு ஒன்று, குறுக்கும் நெடுக்கும். இந்த ஒரு நாளுக்குத் தெருக்கோடியில் இருக்கும் கொத்தனார் அண்ணனையும் இரண்டு சித்தாள்களையும் கூப்பிட்டுக்கொண்டேன். தளம் காய்வதற்கு முன்பே, பாறை நிற்கப்போகும் இடங்களில் செங்குத்தாகப் பதினான்கு கம்பிகளைத் தளக் கம்பியோடு சேர்த்துக் கட்டி நிறுத்தியிருந்தேன். இதை மறந்துவிட்டால் பின்னால் துளை போட்டுக் கம்பி நட வேண்டியிருக்கும். தண்ணீர் நிற்கப்போகும் தளத்தில் துளை போடவே கூடாது.

தொட்டிச் சுவர் செங்கல்லில் ஒரு முழ உயரம், நீள்வட்ட வடிவம். தண்ணீர் ஆழம் பதினைந்து இஞ்ச். கொள்ளளவு ஏறத்தாழ 600 லிட்டர். சுவரும் தரையும் சேரும் இடத்தைச் செங்கோணமாக விடாமல், கை கொள்ளும் அளவுக்கு வளைவாகச் சாந்து வைத்துத் திருப்பிவிட்டோம். மொட்டைமாடித் தளத்தில் கைப்பிடிச் சுவரின் அடியில் செய்வதே இங்கேயும். தண்ணீர் கசிவதற்குப் பிடித்த இடம் அந்த மூலைதான்.

அப்புறம் எலும்புக்கூடு. இந்தக் கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நட்டு வைத்த கம்பிகளை ஒவ்வொன்றாக வளைத்து, ஆறு மில்லி கம்பியைக் குறுக்கே ஓட்டி, கட்டுக் கம்பியால் முடுக்கினேன். கொக்கியைச் சுழற்றும் லாகவம் கைக்கு வர இரண்டு நாள் ஆனது. அதன் மேல் கோழி வலை, இரண்டு அடுக்கு. இரண்டாவது அடுக்கின் கண்கள் முதல் அடுக்கின் கண்களுக்கு நடுவே விழுகிற மாதிரி நகர்த்திக் கட்ட வேண்டும். அப்போதுதான் சாந்து உள்ளே கொட்டிப்போகாமல் வலையில் நிற்கும். உள்ளே முழுக்கக் காலி. கணக்குப் பார்த்தால் மொத்த எடை 650 கிலோவுக்குள்தான், அதே அளவு நிஜக் கல்லில் நாலில் ஒரு பங்கு.

கம்பி வலைக்குள் சிமெண்டை ஏற்றும் இந்த உத்தி தோட்டத்திலிருந்தே வந்தது என்பது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. ஜோசப் மோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர், செடித் தொட்டிகள் உடைந்துகொண்டே இருந்ததால் சிமெண்டுக்குள் இரும்பு வலையை வைத்துப் பார்த்தார். 1867இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். இன்று பாலமும் மாடிவீடும் நிற்கிற கம்பிக் காங்கிரீட்டின் தொடக்கங்களில் அது ஒன்று.

வலை கட்டும்போதே குழாய் வழியை முடிவு செய்தாக வேண்டும். பம்பிலிருந்து உச்சிக்குப் போகும் ஒரு இஞ்ச் ஹோஸை நேராகச் சாந்துக்குள் புதைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கொத்தனார் அண்ணன் தடுத்தார். "பத்து வருசம் கழிச்சு ஓட்டை விழுந்தா பாறைய உடைப்பீங்களா?" சரி என்று இரண்டு இஞ்ச் பிவிசி குழாயைக் கூட்டுக்குள் நிரந்தரமாக நிறுத்தி, அதற்குள் ஹோஸைச் செருகினேன். பின்பக்கம் கை நுழையும் அளவுக்கு ஒரு பொந்தும் விட்டேன். இதைச் செய்ய நினைக்கும் யாருக்கும் நான் சொல்லும் முதல் வார்த்தை இதுதான்: ஹோஸை உருவி மாற்ற வழி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பூச்சு ஒன்றுக்கு மூன்று. ஒரு பங்கு பிபிசி சிமெண்ட் (சாம்பல் கலந்த வகை), மூன்று பங்கு சலித்த பி-சாண்ட் (பூச்சுக்கென்று அரைத்த கல்மணல்), மூட்டைக்கு 125 கிராம் பிளாஸ்டிக் நார், 200 மில்லி வாட்டர்ப்ரூப் திரவம். தண்ணீரைக் குறைத்து, உருட்டினால் உருண்டையாக நிற்கும் பதத்தில் பிசைந்தேன். கையுறை போட்டுக்கொண்டு வலைக்குள் அழுத்தித் திணிக்க வேண்டும். கரணையால் தேய்த்தால் வலையின் வெளிப்பக்கம் மட்டும் ஒட்டும், உள்ளே காற்று நிற்கும், பிறகு அங்கேதான் கம்பி துருப்பிடிக்கும். ஒரு கையை உள்பக்கம் வைத்துத் தாங்கிக்கொண்டு மறு கையால் அழுத்தினேன். பின்னலைத் தாண்டி உள்ளே பிதுங்கி வந்தால்தான் சரி. பூச்சு இறுகுவதற்குள் பழைய சீப்பால் தாறுமாறாகக் கீறிவிட்டேன், அடுத்த பூச்சுக்குப் பிடிப்பு வேண்டும் என்பதற்காக. மூன்று நாள் ஈரச் சாக்கு.

நாலாவது நாள் சாக்கை எடுத்துப் பார்த்தபோது மனசு விழுந்துவிட்டது. கெட்டியாக, உறுதியாக நின்றது. ஆனால் பாறை மாதிரி இல்லை.

அந்த வாரம் எங்கள் தெருமுனை மாரியம்மன் கோயிலில் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. சாரத்தின் மேல் சுதை வேலை பார்த்துக்கொண்டிருந்த பெரியவரைத் தேநீர் நேரத்தில் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். அறுபதைத் தாண்டியவர். கோபுரத்துப் பொம்மைகளுக்குச் செங்கல்லும் கம்பியும் சாந்தும் வைத்து உருவம் எடுப்பதைச் சிறு வயதிலிருந்து செய்கிறவர். பாறையைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். "இது பாறை இல்ல தம்பி, புத்து" என்றார். மனம் நோகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்.

"என்ன குறைங்கய்யா?"

"எல்லாப் பக்கமும் உருண்டையா இருக்கு. பாறைக்கு ஒரு சாய்வு உண்டு. ஒவ்வொரு வெடிப்பும் அந்தச் சாய்வக் கேட்டுத்தான் போகும். நீங்க யானமலையப் போயி ஒரு நாள் பாருங்க. கை வைக்காம, சும்மா பாருங்க."

மறுநாள் காலை ஆறு மணிக்கு யானைமலை அடிவாரத்தில், நரசிங்கம் பக்கம் நின்றேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை. தூரத்திலிருந்து படுத்த யானை. அதுவரை நான் பார்த்தது அந்த யானையை மட்டும்தான், கல்லைப் பார்த்ததில்லை. சாய்வெயில் பட்டதும் பெரியவர் சொன்னது கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. வெடிப்புகள் இஷ்டத்துக்கு ஓடவில்லை. ஒரு கூட்டம் ஏறக்குறைய செங்குத்தாக, ஒன்றுக்கொன்று இணையாகப் போகிறது. இன்னொரு கூட்டம் அதைச் சாய்வாக வெட்டுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் துண்டு பெயர்ந்து, கூரான விளிம்பு நிற்கிறது. சில இடங்களில் வெங்காயச் சருகு மாதிரி மேல்தோல் தகடாக உரிந்து, அடியில் வெளிறிய புதுக் கல் தெரிகிறது. மழைத் தண்ணீர் வழிந்த தடமெல்லாம் கறுப்புக் கோடு. கோடு மேலே மெலிந்து தொடங்கி, கீழே வரவர அகலமாகிறது. பள்ளமான இடங்களில் ஓரடி, ஒன்றரை அடிச் சுனைகள். தை மாதத்திலும் ஒன்றில் தண்ணீர் கிடந்தது, அதன் விளிம்பு மட்டும் கைபட்ட அம்மிபோல வழுவழுப்பாக இருந்தது.

நோட்டில் வரைந்துகொண்டேன். செங்குத்து வெடிப்பு, அதை வெட்டும் சாய்வு, அவற்றின் கோணம். என் பாறை முழுக்க இந்த இரண்டு கோடுகளுக்குத்தான் கட்டுப்பட வேண்டும் என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்து, உருண்டையாக இருந்த இடது தோளை உளியால் உடைத்தெடுத்து, கம்பியை மடக்கித் தட்டையாக்கி மறுபடி வலை கட்டினேன். நாலு நாள் வேலை கூடியது. அந்த நாலு நாள்தான் இந்தப் பாறையைப் பாறை ஆக்கியது.

செதுக்கும் பூச்சை விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கினோம். பெரியவர் இரண்டு நாள் கோயில் வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு வந்தார். கோயிலில் வாங்கும் அதே கூலியை வாங்கிக்கொண்டார். பழைய பூச்சின் மேல் சிமெண்ட் பால் அடித்து, அது காய்வதற்குள் ஒரு இஞ்ச் கனத்துக்குச் சாந்தை அப்ப வேண்டும். ஒரு நேரத்தில் மூன்றடிக்கு மூன்றடிதான், அதற்கு மேல் கூடாது. அப்பியவுடன் கை வைக்கக் கூடாது என்று பெரியவர் என்னைக் கட்டாயமாக உட்கார வைத்தார். முக்கால் மணி கழித்துச் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். விரல் பதிந்தது, சாந்து விரலில் ஒட்டவில்லை. "இப்பத்தான் பதம்."

மணியாசுக் கட்டையை அவர் தொடவேயில்லை. சுவருக்குச் சமம் தருகிற சாமான் அது, இங்கே வேண்டாதது அந்தச் சமம்தான். அவர் கையில் இருந்தவை மூன்று: முனை தேய்ந்த சிறு கரணை, ஒரு பழைய எவர்சில்வர் கரண்டி, ஈர்க்குமாற்றின் அடிக்கட்டு. கரணையை முதலில் நெடுக்காகச் செருகி, பக்கவாட்டில் ஒரு நெம்பு நெம்பினார். சாந்து வெட்டுப்படாமல் பிய்ந்து வந்தது. பிய்ந்த இடம் மணி மணியாக, அசல் கல் உடைந்த முகம் மாதிரியே. நான் வெட்டிய வெடிப்பையும் அவர் பிய்த்த வெடிப்பையும் அருகருகே பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும். என்னுடையது கேக்கில் கத்தி விட்ட கோடு. அவருடையது தானாக விட்ட பிளவு, ஓரிடத்தில் விரல் கனம், நாலு இஞ்ச் தள்ளி நூல் கனம், அப்புறம் காணாமல் போய் மறுபடி தலை காட்டும். அதன்பின் நானும் வெட்டுவதை விட்டுவிட்டுப் பிய்க்கப் பழகினேன். பரப்புக்கு, கசக்கிய பாலிதீன் உறையைச் சாந்தின் மேல் அழுத்தி எடுத்தோம். கரணைத் தடமெல்லாம் அதில் மறைந்துவிட்டது. கடைசியாக ஈர்க்குமாற்றால் மேலிருந்து கீழாகத் தட்டினார், இழுக்கவில்லை, தட்டினார். ஆயிரம் சிறு குழி.

உச்சியில் ஒரு சுனை, அதிலிருந்து எட்டு இஞ்ச் அகல வாய், வாயிலிருந்து ஒன்றரை அடி கீழே ஒரு தட்டு, தட்டிலிருந்து தொட்டிக்கு. பக்கத்தில் செடிக்கு இரண்டு குழி, அடியில் நீர் வடிய ஓட்டையோடு. வலது ஓரத்தில் பறவைகளுக்கு ஒரு இஞ்ச் ஆழத்தில் ஒரு சின்னப் பள்ளம்.

பிறகு பதினான்கு நாள் ஈரச் சாக்கு, காலை மாலை தண்ணீர். இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, செய்தாக வேண்டும் அவ்வளவுதான்.

வண்ணத்துக்குக் கடையில் சாம்பல் நிற எமல்ஷனைக் காட்டினார்கள். அதை ஒரே நிறமாக அடித்தால் பாறை பொம்மையாகிவிடும். தரைக்குப் போடும் இரும்பு ஆக்சைடு பொடிகளை வாங்கினேன்: சிவப்பு, மஞ்சள், கறுப்பு. சிமெண்டின் காரத்தில் இவை வெளுப்பதில்லை. ஒரு மக் தண்ணீரில் ஒரு தேக்கரண்டிப் பொடி, பிடிப்புக்குக் கொஞ்சம் அக்ரிலிக் பைண்டர். கரைசல் மோர்த் தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும். மஞ்சளைத் திட்டுத் திட்டாகத் தெளித்து, அது ஈரமாக இருக்கும்போதே நடுநடுவே சிவப்பு, எல்லாம் காய்ந்த பிறகு மேலே மெல்லிய கறுப்பு. கறுப்பு வழிந்து வெடிப்புகளில் தங்கும், மேடுகளை ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். யானைமலையில் பார்த்த வழிதடங்களை மட்டும் தனியாக வரைந்தேன். தூரிகையில் இல்லை, மேலே ஒரு பஞ்சை வைத்துக் கறுப்புக் கரைசலைச் சொட்ட விட்டேன். தண்ணீர் எந்த வழியாக ஓடுமோ அதே வழியாக அதுவே ஓடி, கீழே அகலமாகி நின்றது. தொட்டியின் உள்பக்கம் மட்டும் இரண்டு பாகம் கலந்து பூசும் சிமெண்ட் பூச்சு, ஒரு கோட்டு நெடுக்காக, மறு கோட்டு குறுக்காக.

பங்குனியில் தண்ணீர் நிரப்பிப் பம்பைப் போட்டேன். உச்சிச் சுனை நிறைந்தது, வாயில் ஒரு ஈரக் கோடு வந்தது, அவ்வளவுதான். பெட்டியில் மணிக்கு 1000 லிட்டர் என்று போட்டிருந்தது. பத்து லிட்டர் வாளியை வாயில் பிடித்துப் பார்த்தால் நிரம்ப மூன்று நிமிடம், அதாவது மணிக்கு 200. பெட்டியில் போட்டிருப்பது ஏற்றமே இல்லாதபோது வரும் அளவு. தொட்டி நீர்மட்டத்திலிருந்து உச்சி வாய்வரை எனக்கு நாலடி. அந்த ஏற்றத்தில் சின்ன பம்ப் மூச்சு வாங்கிவிடுகிறது. வாங்கும் முன் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் வளைகோட்டுப் படத்தைப் பார்த்து, உங்கள் உயரத்துக்கு நேரே எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். வாயின் அகலத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் மணிக்கு 130, 150 லிட்டர் வந்தால்தான் தண்ணீர் துணி மாதிரி விரிந்து விழும். எனக்கு 20 சென்டிமீட்டர். 4500 லிட்டர் பம்ப் மாற்றினேன், 75 வாட். இப்போது வாளி 13 நொடியில் நிரம்புகிறது. ஹோஸில் ஒரு வால்வும் போட்டேன். நாளுக்கு மூன்று மணி நேரம் ஓட்டினால் மாதம் ஏழு யூனிட்டுக்குள் முடிகிறது.

தண்ணீர் விழுந்தது. சத்தமும் வந்தது. ஆனால் மறுநாள் தொட்டியில் இரண்டு இஞ்ச் குறைந்திருந்தது. ஏறத்தாழ 80 லிட்டர்.

தொட்டி ஒழுகுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். மொத்தத் தண்ணீரையும் இறைத்துவிட்டு மறுபடி பூசப் போனவனைக் கொத்தனார் அண்ணன்தான் நிறுத்தினார். "பம்ப நிறுத்திட்டு ஒரு நாள் பாருங்க மொதல்ல." ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பித் தொட்டிக்குள்ளேயே ஒரு செங்கல் மேல் வைத்து, வாளியிலும் தொட்டியிலும் மட்டத்தைப் பென்சிலால் குறித்தேன். வெயில் இரண்டிலும் ஒரே மாதிரிதான் தண்ணீரைக் குடிக்கும். ஒரு நாள் கழித்து இரண்டிலும் கால் இஞ்ச்தான் இறங்கியிருந்தது. ஆகத் தொட்டி சுத்தம். பம்ப் ஓடும்போது மட்டும் எங்கேயோ போகிறது. தொட்டியை உடைக்காமல் காப்பாற்றியது இந்த வாளிதான்.

எங்கே என்று கண்டுபிடிக்க ஆறு நாள் ஆனது. பாறையின் பின்பக்கமும் பக்கவாட்டும் காய்ந்தே தெரிந்தன. டார்ச் அடித்து இரவில் பார்த்தேன், பிடிபடவில்லை. கடைசியில் அம்மாவின் கோலமாவு டப்பாவை எடுத்துவந்து, பொந்தைச் சுற்றியும் அடித்தரையிலும் மெலிசாகத் தூவிவிட்டுப் பம்பைப் போட்டேன். கால் மணியில் பொந்தின் கீழ் உதட்டில் மாவு கறுத்தது. தண்ணீர் பாறைக்கு உள்ளேயிருந்து வருகிறது.

கையை விட்டுத் தடவிக்கொண்டே மேலே போனேன். வாயின் அடிப்பக்கம் ஈரம். அப்போதுதான் புரிந்தது. வாயிலிருந்து விழும் தண்ணீர் முழுவதும் நேராக விழவில்லை. ஒரு பங்கு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அடிப்பக்கமாகத் திரும்பி, கூரையில் பல்லி போகிற மாதிரி உள்நோக்கி ஓடுகிறது. குழாய் நுழையும் கழுத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு சந்து. அதன் வழியே கூட்டுக்குள் இறங்கி, பின்பொந்து வழியாக மண்ணுக்கு. டம்ளரிலிருந்து மெதுவாக ஊற்றினால் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறமாகவே வழியும் அல்லவா, அதே சங்கதி.

இதற்கு மருந்து ஒவ்வொரு வீட்டுச் சன்னலுக்கு மேலும் இருக்கிறது. சன்ஷேடின் அடியில், விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே கொத்தனார்கள் ஒரு காடி இழுத்து வைப்பார்கள். மழைத்தண்ணீர் அந்தக் காடியைத் தாண்டிச் சுவருக்கு வர முடியாது, அங்கேயே சொட்டிவிடும். அதையே செய்தேன். ஒரு துண்டுக் கடப்பாக் கல்லை வாங்கி, முன்விளிம்பைச் சுத்தியால் தட்டி ஒழுங்கற்றதாக்கி, அடியில் விளிம்பிலிருந்து அரை இஞ்ச் உள்ளே கிரைண்டரால் ஆறு மில்லி அகலத்தில் ஒரு காடி கீறினேன். வாயின் மேல் ஒன்றரை இஞ்ச் வெளியே நீட்டிப் பதித்தேன், மிகச் சிறிதாக முன்சாய்வு கொடுத்து. டியூப் லெவலை இரண்டு ஓரத்திலும் பிடித்துப் பார்த்தேன். இடது வலது மட்டம் ஒரு நூல் பிசகினாலும் தண்ணீர் ஒரே பக்கமாக ஓடிவிடும். கழுத்துச் சந்தை உளியால் அகலப்படுத்தி, காயவிட்டு, பியு சீலன்ட் (ரப்பர் மாதிரி இறுகும் அடைப்புப் பசை) நிரப்பினேன். மயிரிழைச் சந்தின் மேலேயே தடவினால் நிற்காது, உள்ளே போக இடம் கொடுக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பம்பைப் போட்டபோது தண்ணீர் கடப்பாக் கல்லின் முனையிலிருந்து ஒரே விரிப்பாக இறங்கியது. அடிப்பக்கத்தைத் தடவினேன். காடிவரை ஈரம், காடிக்கு அப்பால் தூசி. அந்தத் தூசியை விரலில் எடுத்து அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

தட்டில் ஒரு முண்டில் பட்டுத் தெறித்ததையும் உளியால் சரிசெய்த பிறகு, பம்ப் ஓடும் நாளில் வெயில் குடிப்பதோடு சேர்த்து அரை இஞ்ச்சுக்குள் நின்றது.

மின்சாரத்தில் நான் கை வைக்கவில்லை. எலக்ட்ரீஷியனை வைத்து, இந்த ஒரு லைனுக்கென்றே 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) போட்டோம், எர்த் பார்த்தோம். ஒயர் பிளக்குக்கு நேராக ஏறாமல், முதலில் கீழே ஒரு வளைவு இறங்கி அப்புறம் ஏறுகிறது. ஒயர் வழியே வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டிக்குள் கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அக்கா மகளுக்கு இரண்டு வயது, பதினைந்து இஞ்ச் தண்ணீர் குழந்தைக்கு ஆபத்துதான். நீர்மட்டத்துக்கு இரண்டு விரற்கடை கீழே, துருப்பிடிக்காத கம்பிச் சட்டம் ஒன்றைப் பதித்திருக்கிறேன். மேலிருந்து பார்த்தால் கண்ணில் படாது.

மீன் விட அவசரப்படக் கூடாது. புதுச் சிமெண்ட் தண்ணீரில் சுண்ணாம்பை விட்டுக்கொண்டே இருக்கும். வளர்ப்பு மீன் கடையில் கிடைக்கும் காகிதத் துண்டால் பார்த்தபோது, காரத்தைக் காட்டும் பி.எச். அளவு 11ஐத் தாண்டியிருந்தது. வினிகர் கலந்த தண்ணீரால் உள்பக்கம் முழுக்கத் தேய்த்துக் கழுவி, ஐந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினேன். நாலாவது மாற்றலில் எட்டரைக்குக் கீழே வந்தது. வெளியேற்றிய தண்ணீரைச் செடிக்கு விடவில்லை. அப்புறம் பன்னிரண்டு கப்பி மீன். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். பம்ப் நிற்கும் நேரத்தில் புழுவைத் தின்ன ஆள் வேண்டும், கப்பி அதைச் செய்கிறது.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. காய்ந்த இடமெல்லாம் வெள்ளைப் படலம் விட்டு, நான் பார்த்துப் பார்த்துச் சொட்டவிட்ட கறுப்புத் தடங்களை மறைத்துவிடும் போலிருந்தது. இப்போது மாடி மழைநீர்த் தொட்டியிலிருந்துதான் நிரப்புகிறேன். பாசி வர மோர் தடவச் சொன்னார்கள், தடவியும் பார்த்தேன். வெயில் படும் இடத்தில் ஒன்றும் வரவில்லை, ஈரம் நிற்கும் இடத்தில் தடவாமலே வந்தது. செடிக் குழிகளில் ஒன்றில் வல்லாரை, மற்றதில் நீர்ப்பிரம்மி. தொட்டி ஓரத்தில் ஒரு சட்டியோடு வசம்பு இறக்கியிருக்கிறேன்.

சிமெண்ட் பத்து மூட்டை, கம்பி, வலை, பம்ப், கூலி எல்லாம் சேர்த்து 27,000 ரூபாய்க்குப் பக்கம். வீணாய்ப் போன முதல் பம்பும் இதில் அடக்கம்.

சத்தம்தான் கடைசி வேலை. தட்டில் விழும்போது சளசளவென்று வந்தது. அம்மா முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. தட்டின் நடுவில் நாலு இஞ்ச் ஆழத்துக்குக் கொத்தி, சுற்றிப் பூசி, தண்ணீர் தண்ணீரின் மேலேயே விழும்படி செய்தேன். ஓசை கீழிறங்கிக் குளுகுளுவென்று ஆனது. பறவைப் பள்ளத்துக்கு இரண்டு சின்னான்கள் காலையில் வர ஆரம்பித்துவிட்டன. முதலில் ஒன்று குளிக்கும், மற்றது வசம்புச் சட்டியின் விளிம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

நேற்று மாலை அம்மா திண்ணையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இன்னும் கொஞ்சம் மெதுவா விழணும்டா, அங்க அப்படித்தான் விழும்" என்றார். போய் வால்வைக் கால் திருப்பு குறைத்தேன். "இன்னும்" என்றார். இன்னொரு நூல் குறைத்தேன். கையைத் தூக்கி, போதும் என்று காட்டினார்.